அத்தாவின் ஊசி டின்

"சர்க்கரை இப்படியே ஏறினா காலை வெட்டி எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் அத்தாவிடம் சொன்னதும் அம்மா அழுதுவிட்டாள்.

"இனிப்பு வாங்கறதே இல்லீங்க. ஊட்டுல இருக்கற பிஸ்கட் டின்னுலகூட ஊசிதானுங்க இருக்குது!"

அம்மா பொய் சொல்லவில்லை. அத்தா வீட்டிலேயே மிஷின் போட்டு எக்ஸ்போர்ட் பனியன் தைத்துக்கொடுக்கிறார். உடைந்த ஊசித்துண்டு துணியோடு போய்விட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். அதனால் உடைகிற ஊசிகளை ஒரு துண்டு விடாமல் அந்த டின்னில் சேர்த்து, கம்பெனியில் காட்டிப் புது ஊசி வாங்குவார்.

"டின்னுல யாரும் கை வெச்சிராதீங்க கண்ணு. ஒரு துண்டு தொலைஞ்சாலும் பொழப்பு போயிரும்" என்பார். தூசி தட்டக்கூட நாங்கள் அதைத் தொட்டதில்லை.

இன்று மாலை வகுப்பு முடிந்து வந்தபோது அந்த டின்னைப் பார்த்தேன். என் கண்மீதே சந்தேகம் வந்து, கிட்டே போய் மறுபடியும் பார்த்தேன்.

"அம்மா, எறும்பு ஊசி திங்குமா?"

"டைப்ரைட்டிங் படிக்கப் போயி மூளை கலங்கிருச்சா உனக்கு?"

"இங்க வந்து பாருங்க. டின்னுக்குள்ள வரிசையாப் போகுது."

அத்தாவின் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.