ஒன்றாம் வகுப்புக்குப் போ!

"என்னடி ஆச்சு உனக்கு? ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சா?"

மூன்றாம் வகுப்பு டீச்சர் கேட்டதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. ரேடியோ என்பது அந்தப் பெண்ணின் பட்டப்பெயர். டீச்சரே ஆசையாக வைத்ததுதான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதும், செய்தி வாசிப்பது போல் கணீரென்று வாசிப்பாள். அதிகாரிகள் யாராவது வந்துவிட்டால் டீச்சர் முதலில் எழுப்பி நிறுத்துவது அவளைத்தான்.

அப்பேர்ப்பட்டவள் இப்போது வார்த்தைக்கு வார்த்தை தடுக்கி விழுகிறாள்.

"ம... மழை... பெ... பெய்..."

"போதும் நிறுத்து. எடு பையை. போய் ஒண்ணாம் வகுப்புல உட்காரு!"

அந்தப் பள்ளியில் அது ஒரு வழக்கம். வாசிக்கத் திணறினால் அன்று முழுக்கப் பொடிசுகளோடு உட்கார வேண்டும். மற்ற பிள்ளைகள் அழுவார்கள், காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சுவார்கள், மறுநாள் ஒழுங்காக வாசித்தும் விடுவார்கள். அடியைவிட அவமானம் நன்றாக வேலை செய்யும் என்பது டீச்சரின் கட்சி.

இவள் அழவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

மறுநாளும் திணறினாள். அதற்கு மறுநாளும் அதே கதைதான்.

டீச்சர் இடைவேளையில் ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க வந்து என்னதான் பண்றா அவ?"

"போர்டைப் பார்க்கிறதே இல்லை. என் வாயையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நான் உதட்டுக்கு முன்னாடி பேப்பர் துண்டைப் பிடிச்சு 'ப'ன்னு சொன்னா பேப்பர் ஆடும்ல, அதை இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு கேட்டு உயிரை எடுக்கிறா. நேத்து ஒரு வாண்டோட உதட்டைக் கையால குவிச்சு, 'உ' சொல்லுடான்னு மல்லுக்கட்டிக்கிட்டிருந்தா."

"பார்த்தீங்களா, விளையாட்டு! எல்லாம் நான் குடுத்த இடம்."

அன்று சாயந்திரமே அவளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா."

"அம்மாவுக்கு வேலை இருக்கு டீச்சர். விடமாட்டாங்க."

"அப்பா எங்கே?"

"வீட்லதான் இருக்கார்."

"அப்ப அவரை வரச்சொல்லு."

"வரமாட்டார் டீச்சர்."

"சரி, போன்லயாவது பேசச்சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். "பேசமாட்டார்."

ஆசிரியர் அறையில் டீச்சர் கொட்டித் தீர்த்தார். "வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன், பெத்த பொண்ணுக்காக ஒரு வார்த்தை பேசமாட்டாராம்! அப்பன் லட்சணம் இப்படி இருந்தா பொண்ணு எப்படி உருப்படும்?"

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். முகம் தெரியாத அந்த அப்பாவுக்கு அன்று நல்ல அர்ச்சனை நடந்தது.

வருஷக் கடைசி வாசிப்புத் தேர்வு வந்தது. அதில் தேறினால்தான் நான்காம் வகுப்பு. தலைமையாசிரியையே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவளிடம் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அவள் கண் சரசரவென்று பக்கத்தின் கடைசி வரைக்கும் ஓடியது. கடைசி வரியில் நரி குளத்தில் தொபீரென்று விழும். அந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முதல் வரிக்குத் திரும்பினாள்.

"ந... நரி... ஒ... ஒரு..."

அவள் சிரிப்பை அடக்கியதை டீச்சர் பார்த்துவிட்டார். பாவி, எல்லாம் வாசிக்கத் தெரிந்துவைத்துக்கொண்டே நடிக்கிறாள்!

"மேடம், வேணும்னே பண்றா! நான் கண்ணால பார்த்தேன்!"

தலைமையாசிரியை அவளை அருகில் அழைத்தார். "ஏம்மா, இதுல பாஸ் ஆகலைன்னா உன் கூடப் படிக்கிறவங்க எல்லாம் மேல போயிடுவாங்க. உன்னை மட்டும் ஒண்ணாம் வகுப்புல கொண்டுபோய் உட்கார வெச்சுடுவேன். ஒரு வருஷம் முழுக்க. பரவாயில்லையா?"

சும்மா மிரட்டத்தான் சொன்னார். ஆனால் அவள் முகத்தில் பயம் வரவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு வருஷத்துல எல்லா எழுத்தும் சொல்ல வந்துடுமா மேடம்?"

"திமிரைப் பாருங்க!" டீச்சர் கையை ஓங்கிவிட்டார்.

அப்போதுதான் அவள் உடைந்தாள். இத்தனை நாளும் வராத அழுகை ஒட்டுமொத்தமாக வந்தது.

"அம்மா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க டீச்சர். அப்பா ஆபீஸ்ல வேற ஏதோ சொல்லி லீவு போட்டிருக்காங்க. தெரிஞ்சா வேலை போயிடுமாம்."

"எது தெரிஞ்சா?"

"அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் வரலை. பேச்சும் வரலை. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததிலேர்ந்து அப்படித்தான் இருக்கார். ஏதோ சொல்ல வருவார். வராது. அழுவார். சின்னக் குழந்தைக்குச் சொல்லித் தர்ற மாதிரி முதல்லேர்ந்து சொல்லிக் குடுத்துக்கிட்டே இருங்க, பேச்சு வரும்னு டாக்டர் சொன்னார். அம்மா வேலை முடிஞ்சு வர்றதுக்கு நேரமாகும். நான்தான் சொல்லிக் குடுக்கணும்."

ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"அதுக்கு ஏம்மா தப்புத் தப்பா வாசிச்சே?"

அவள் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியும் டீச்சர். வாசிக்கத் தெரியாதவங்களைத்தானே நீங்க ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்பறீங்க? அங்கதானே எப்படிச் சொல்லிக் குடுக்கிறதுன்னு தெரிஞ்சுக்க முடியும்!"