முக்காடு

சிறுமியாக இருந்தபோது தன்னைச் சீரழித்த பங்குச் சாமியார்மேல் ஜெசிந்தா தொடுத்த வழக்கு அன்று விசாரணைக்கு வந்தது. மகள் சொன்னதை நம்பவே தாய் ரெஜினாளுக்கு ஒரு வருடம் பிடித்தது. நம்பிய பிறகு ஊரையே பகைத்துக்கொண்டு அவளோடு கோர்ட்டுக்கு வந்திருந்தாள். "மூஞ்சியில காறித் துப்பாம விடமாட்டேன்" என்று பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வாசலில் வெள்ளை அங்கி தெரிந்ததும் பெஞ்சிலிருந்து எழுந்தாள். கை சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிட்டது. வாய், "தோத்திரம் சாமி" என்றது. அவரும் பழக்கத்தில் ஆசீர்வதிக்கக் கையைப் பாதி தூக்கிவிட்டார்.

ஜெசிந்தா தாயின் முந்தானையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.

"உக்காரும்மா. ஜட்ஜு இன்னும் வரல."