ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஓர் ஆரஞ்சு கார்

என் நண்பன் சேதுபதி சொன்ன இந்தக் கதையை நான் பல வருஷமாக முழுசாக நம்பவில்லை. நல்லதைக் கேட்டால் அதைக் குடைந்துகொண்டே இருப்பது என் குணக்கேடோ என்னவோ.

புக்கிட் மேராவில் பழைய கார் விற்கும் ஷோரூமில் சேதுபதிக்கு சேல்ஸ் வேலை. அங்கே ஓர் ஆரஞ்சு நிறக் கார் விற்பனைக்கு வந்தது. பந்தயங்களில் ஜெயித்துப் பேர்வாங்கிய கம்பெனி செய்தது. ரெண்டே சீட். கதவு இறக்கை மாதிரி மேலே திறக்கும்.

சொந்தக்காரர் டாக்டர் யோகம். ரிட்டயர் ஆனவர்.

"இவ்ளோ அழகான வண்டிய ஏன் டாக்டர் விக்கிறீங்க?"

"முட்டி போச்சு சேது. நானே உள்ள உட்கார்ந்துடுவேன். வெளிய எடுக்கத்தான் ரெண்டு பேர் வேணும்."

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "மாசக் கடைசிக்குள்ள இந்தக் கார் வெளிய போகணும். இல்லாட்டி நீ போ."

வாங்க ஆள் இருந்தது. டாக்டர் போட்ட நிபந்தனைதான் இடித்தது. வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரைப் பக்கத்தில் வைத்து லிட்டில் இந்தியாவுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும்.

"அந்தக் கூட்டத்துலயா டாக்டர்?"

"ரேஸ் காருக்கு ரேஸ் கோர்ஸ் ரோடுதானே லா பொருத்தம்!"

காரில் சேதுபதிக்கு இடமில்லை. எம்ஆர்டி ரயில் பிடித்து ஃபேரர் பார்க் ஸ்டேஷனில் இறங்கிக் காத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் கார் எப்போதும் அவனுக்குப் பிறகுதான் வந்து சேரும்.

முதலில் வந்தவன் மிதுனன். பேங்க்கில் பெரிய வேலை. காரை ஓரமாக நிறுத்தியதும், லீவு நாளுக்கு அங்கே கூடியிருந்த, ஊரிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள் ஃபோனோடு சூழ்ந்துகொண்டார்கள். மிதுனன் ஹார்ன் அடித்தான்.

"ஹலோ, தொடாதீங்க! ஸ்க்ராட்ச் விழும்!"

"தம்பி, இந்தக் கார் உங்களுக்கு ஒத்துவராது" என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் தாரகா என்றொரு பெண். கூட்டத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் நகர்ந்ததும், சாய்ந்து நின்ற இடத்தையெல்லாம் டிஷ்யூவால் துடைத்தார்.

"உங்களுக்கும் ஒத்துவராதும்மா."

சேதுபதி பொறுமை இழந்தான். "டாக்டர், என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க. எதுக்கு இந்தப் பரீட்சை?"

"பரீட்சை இல்லப்பா. எல்லா ஞாயிறும் அங்கதான் நான் காரை நிறுத்தறேன். அந்தத் தொழிலாளிங்க அதோட நின்னு போட்டோ எடுத்து ஊர்ல வீட்டுக்கு அனுப்புவாங்க. எத்தனை சிரிப்பு தெரியுமா? வண்டி கைமாறினா அது நின்னு போயிடக் கூடாது."

"அதை வாங்கறவங்ககிட்டயே சொல்லிடலாமே?"

"சொல்லிச் செஞ்சா என்ன இருக்கு? தானா வரணும்."

மாசத்தின் கடைசி ஞாயிறு வந்தவர் ரஞ்சன். லாரி கம்பெனி வைத்திருப்பவர். காரை நிறுத்தினார். கூட்டம் கூடியது.

ரஞ்சன் இறங்கினார். கதவை மேலே தூக்கிவிட்டார். முன்னால் நின்றவரை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்தார்.

"அண்ணே, ஃபோனை இப்படிக் குடுங்க. ஓட்டற மாதிரி பாருங்க. ஆங், சூப்பர் லா!"

ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்தார்கள். பக்கத்து சீட்டிலிருந்து எழ முடியாத டாக்டரும் எல்லாப் படத்திலும் விழுந்தார். அங்கேயே சொல்லிவிட்டார்: "வண்டி உங்களுக்குத்தான்."

சேதுபதியின் வேலை தப்பியது.

கேட்க இதமான கதைதான். ஆனால் மாசம் முடியும் நேரம் பார்த்து அப்படியொரு மனுஷர் எங்கிருந்து முளைத்தார்? எனக்கு அது செரிக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குச் சாப்பிடப் போனேன். ஓரமாக ஓர் ஆரஞ்சு கார். கதவு மேலே தூக்கியிருந்தது. பக்கத்தில் நீளமாக ஒரு வரிசை. சட்டையெல்லாம் வேர்வையில் ஒட்ட, ஒருவர் யாருடைய ஃபோனையோ பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ப்ரோ, பல்லு தெரியட்டும்! வீட்ல பாக்க வேணாமா?"

பெயரைக் கேட்டேன். ரஞ்சன் என்றார்.

"டாக்டர் யோகம் வரலையா சார்?"

"அவர் பெர்த் நகரத்துக்கு, மகளோட இருக்கப் போயே ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்களும் உட்காருங்க சார், ஒண்ணு எடுத்துடலாம்."

உட்கார்ந்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். என்னை வெளியே எடுக்கவும் ரெண்டு பேர் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சேதுபதிக்கு ஃபோன் போட்டேன்.

"சேது, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நல்லவரா நடிங்கன்னு நீதானே ரஞ்சன் காதுல போட்டே? நடிப்பு முடிஞ்சு போச்சுன்னு ஏன்டா இன்னும் அவர்கிட்ட சொல்லலை?"