ஃபான்ட்டும் டப்பாக்குள்ள இருந்த கண்ணாடியும்

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை ஒண்ணுல ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்துச்சு. எழுத்தெல்லாம் மழையில நனைஞ்ச மாதிரி மங்கலாத் தெரியவும், கடைக்காரர் ஞானப்பிரகாசம், "இந்த ஃபான்ட்டே சரியில்ல, வந்து தூக்கிடறேன்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனாரு.

ஃபான்ட் அழுதுச்சு. "மானிட்டரண்ணே, நல்லாத்தானே வர்றேன். உங்க மேல ஏறினதும் ஏன் இப்படி ஊதிப்போறேன்?"

"என்னை ஏன்டா கேக்குற? அவருதான் செட்டிங்ஸ்ல போயி படத்தோட அளவைச் சின்னதாக்கி என் மேல இழுத்து விரிச்சுட்டாரு. சின்னச் சட்டையைத் தொப்பை மேல இழுத்து மாட்டின மாதிரி எனக்கே மூச்சு முட்டுது."

"ஏனாம்?"

"எழுத்து பெருசாத் தெரியணுமாம்."

மேசை மேல டப்பாக்குள்ள இருந்து புது மூக்குக்கண்ணாடி மெதுவாப் பேசுச்சு. "என்னைப் போட்டா கிழவன்னு சொல்லிடுவாங்கன்னு பயம்ப்பா. வாங்கின அன்னைக்கே மூடி வச்சுட்டாரு."

ஃபான்ட்டுக்குக் கோவம் போயிடுச்சு. "அட, பாவம் மனுஷன்."

ஞானப்பிரகாசம் திரும்பி வந்தாரு. எந்த ஃபான்ட்டை அழிக்கணும்னு பேரைப் படிக்க முடியல. கடையில யாரும் இல்லன்னு பாத்துட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினாரு. அப்பத்தான் செட்டிங்ஸ் ஞாபகம் வந்து, அளவைப் பழையபடி மாத்தினாரு. ஃபான்ட் மாப்பிள்ளை கணக்கா பளிச்சுன்னு நின்னுச்சு.

"நல்ல ஃபான்ட்டுதான்"னு சிரிச்சாரு.

வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கண்ணாடி சட்டுனு டப்பாக்குள்ள போயிடுச்சு.

"தம்பி, மூச்சைப் பிடிச்சுக்க. மறுபடியும் சட்டையை இழுக்கப் போறாரு"ன்னுச்சு மானிட்டர்.