ஆளுக்கொரு நெல்லு

முறிகண்டிப் பிள்ளையார் மேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமாய் இருக்கிற முன்பல்லு ரெண்டும் இப்பவே கொட்டுண்டு போகட்டும்.

துணுக்காய்ப் பக்கம் எங்கள் ஊரில், பிரதேச சபைத் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யாரென்று கட்சி ஆட்களே வோட்டுப் போட்டுத் தெரிவு செய்வதென்று முடிவாயிற்று. போட்டியில் ரெண்டு பேர்.

ஒருவர் தில்லைநாதன். கமக்காரர் அமைப்புத் தலைவர். குளத்துத் துருசின், அதுதான் மதகின், திறப்பு அவருடைய இடுப்பில்தான் தொங்கும். அவர் திறந்தால் வயலுக்குத் தண்ணி. பூட்டினால் வெடிப்பு.

மற்றது வீரம்மா. தாய் தகப்பன் மலையகத்தில் இருந்து வந்து, வாய்க்காலின் கடைசியில் காடு வெட்டிக் குடியேறிய சனத்தின் ஆள்.

"கடதாசியில புள்ளடி போடுற வேலை வேண்டாம்" என்றார் தில்லைநாதன் கூட்டத்தில். "பேனை பிடிச்ச விதத்திலயே ஆள் பிடிபட்டிடும். சனநாயகம் எண்டா ரகசியம் வேணும். ரெண்டு மண் முட்டி வைப்பம். ஆளுக்கொரு நெல்லு. விருப்பமான முட்டியில போடட்டும். நெல்லுக்கு முகம் இல்லை!"

ஒரே கைதட்டல். வீரம்மாவும் தட்டினாள். "ஐயா சொல்றது ஞாயந்தாங்க."

கூட்டம் கலைந்ததும் அந்தச் சனநாயகக் காவலர் என்னை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, வாசல்ல இருந்து நெல்லுக் குடுக்கிறது நீங்கள்தான். ரெண்டு தகரப் பேணி தருவன். சிவப்பு மூடிக்குள்ள அவிச்சுக் காயவைச்ச நெல்லு. அது கடைசி வாய்க்கால் சனத்துக்கு. நீல மூடிக்குள்ள பச்சை நெல்லு. அது எங்கட ஆக்களுக்கு."

"ஏன் தம்பி?"

"கடிச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியுமெல்லோ? வீரம்மாவின்ர முட்டியில அவிச்ச நெல்லுக் கிடந்துதோ, இந்தப் போகம் கடைசி வாய்க்காலுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. கதிர் வாற நேரம். கருகட்டும்!"

நெல்லுக்கு முகம் இல்லையாம். மனுசன் அதை அவித்தே முகம் வரைந்து வைத்திருக்கிறார்.

அவித்தது அவருடைய மனுசி விமலேஸ்வரி. "பாவமப்பா, பிள்ளை குட்டியோட இருக்கிற சனம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறா. "நீ குசினியைப் பார்" என்று பதில் வந்ததாம்.

வோட்டு நாள் வந்தது. வேட்பாளர் ரெண்டு பேரும் வோட்டுப் போடுவதில்லை என்று ஏற்பாடு. விமலேஸ்வரி பேணிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தா. மூடிகளைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து மூடினா. தன்னுடைய நெல்லை எடுத்துக்கொண்டு முதல் ஆளாய் உள்ளே போனா.

பிறகு சனம் வந்தது. சொன்னபடியே கொடுத்தேன். சிவப்பு மூடி அந்தச் சனத்துக்கு, நீல மூடி இந்தச் சனத்துக்கு. ஒற்றை நெல்லை யார் உற்றுப் பார்க்கிறது?

தில்லைநாதன் வாசலில் நின்று, கடைசி வாய்க்கால் ஆண்டியப்பனுக்கும் வோட்டுப் போடப் படிப்பித்தார்.

"ஆண்டியப்பன், இடக்கைப் பக்கம் என்ர முட்டி. தண்ணி தாறவனை மறந்திடாத."

"மறப்போமாங்களா ஐயா!"

கடைசியில் சுளகில் கொட்டி எண்ணினோம். ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்கள்தான். ஆனாலும் வீரம்மா சில நெல்லால் வென்றுவிட்டாள்.

தில்லைநாதன் பல்லைக் காட்டிக்கொண்டு வீரம்மாவின் குவியலில் கை வைத்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். வெள்ளை மாவாய் உதிர்ந்தது. பச்சை நெல்லு! இன்னொன்று. அதுவும் பச்சை.

தன் குவியலுக்குத் தாவினார். கடித்ததெல்லாம் கண்ணாடி மாதிரி. அவிச்ச நெல்லு! ஒன்றே ஒன்றுதான் பச்சை.

"ஐயாவுக்குப் பசிக்குதோ?" என்றான் ஆண்டியப்பன்.

மைத்துனன் தவராசா ஓடிவந்தான். "அத்தான், நாங்கள் எல்லாரும் உங்களுக்குத்தான்..."

"வாயை மூடடா, நன்றி கெட்டவனே! கடிச்சுப் பாத்த எனக்கு..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைச் சொன்னால் பேணிக் கதையும் வெளியே வந்துவிடும். விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் வாய்க்குள் நெல்லோடு நின்றார்.

விடிந்ததும் துருசு திறபட்டது. கடைசி வாய்க்கால் விளிம்பு முட்டப் பாய்ந்தது. தில்லைநாதனே மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினார்.

"சொந்தக்காரர் எல்லாம் முதுகில குத்திப்போட்டாங்கள். நீங்கள்தான் உண்மையான சனம். எவ்வளவு தண்ணி வேணுமோ எடுங்கோ!"

அவர் போனபின் ஆண்டியப்பன் வீரம்மாவைப் பார்த்தான்.

"என்னக்கா இது? நாமெல்லாம் சேர்ந்து மனுசனைத் தோக்கடிச்சோம். வீடு தேடி வந்து தண்ணி விடுறாரே! இப்பிடி ஒரு நல்ல மனுசனையா தோக்கடிச்சோம்?"

வீரம்மாவுக்கும் விளங்கவில்லை.

அந்த ஒற்றைப் பச்சை நெல்லைத் தில்லைநாதன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். "ஊரே கைவிட்டாலும் என்ர மனுசி கைவிடேல்லை" என்று கண் கலங்குகிறார்.

கைவிடவில்லைத்தான். என் மேசையில் மூடி துடைத்த சாட்டில், சிவப்பை நீலப் பேணிக்கும் நீலத்தைச் சிவப்புப் பேணிக்கும் மாற்றிப் போட்டதும் அதே கைதான்.

சொன்னது நான் எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ. கடைசி வாய்க்காலில இன்னும் நெல்லு வெட்டேல்லை.