பிரீத்தி அக்கா சொன்ன எண்ணெய்

"ஆர்குட்ல பிரீத்தி அக்கா எழுதியிருக்காக. இந்த எண்ணெயைத் தேய்ச்சா மூணே மாசத்துல முடி இடுப்பு வரைக்கும் வளருதாம். நாளைக்கு ஆர்டர் போடப் போறேன்" என்றாள் மாரிசெல்வி. திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் காலண்டர் டிசைன் செய்பவள். இன்டர்நெட் பழக்கம் அங்கே வந்ததுதான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் புகழேந்தி சட்டென்று நிமிர்ந்தான்.

"அம்புட்டும் புளுகு. பிள்ளை பெத்ததுல கொட்டுன முடி தானா வளரும். வாங்காத."

"மூஞ்சி தெரியாத அக்காவுக்கு இருக்கிற அக்கறை உங்களுக்கு இல்லையே! அந்த எண்ணெயை நீங்க கண்ணால பார்த்திருக்கீகளா?"

"அந்த அக்காவும் பார்த்திருக்காது."

"பொம்பளைக விசயம் உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சிவகாசியில், தான் வேலை பார்க்கும் விளம்பரக் கம்பெனியில் கம்ப்யூட்டரைத் திறந்தான் புகழேந்தி. மாரிசெல்வி எழுதியிருந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் எண்ணெய் வேண்டாங்கிறார். என்ன செய்யட்டும்?"

முதலாளி டீ குடிக்கக் கிளம்பியதும், ஆறு மாதமாகப் பிரீத்தி என்ற பெயரில் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்த புகழேந்தி அவசரமாகப் பதில் தட்டினான்.

"வாங்காத தங்கச்சி. எனக்கு இருந்த முடியும் கொட்டிப்போச்சு. வீட்டுக்காரர் சொல்றதைக் கேளு."