சைகைப் பயிற்சி

"கதவைத் திற வெர்னெட்டா. நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும்."

சிஸ்டர் லூவெனியாவின் குரல். தேவாலயத்தின் அடித்தள அறையில் வட்டமாக உட்கார்ந்திருந்த ஏழு பெண்களும் வெர்னெட்டாவைப் பார்த்தார்கள்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், கறுப்பினத்தவர் கூடும் அந்தச் சபைக்கு வருகிறவர்களை இடம் பார்த்து உட்கார வைக்கும் சேவகிகளுக்கு லூவெனியாதான் தலைவி. அவள் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் சபை முழுக்கப் பரவிவிடும் என்பது எல்லோருடைய நம்பிக்கை.

கதவில் 'சேவகிகளுக்குச் சைகைப் பயிற்சி' என்று எழுதி ஒட்டியவள் வெர்னெட்டா. ஆராதனை நடுவே சேவகிகள் வாய் திறக்காமல் கையாலேயே பேசிக்கொள்வார்கள். அதனால் அறையிலிருந்து சத்தம் வராவிட்டாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

உண்மையில் அங்கே கூடியவர்கள் சாப்பாட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள். பட்டினி கிடப்பவர்கள், ஒளிந்து தின்றுவிட்டு அழுபவர்கள். வெர்னெட்டாவின் தங்கை அப்படித்தான் போய்ச் சேர்ந்தாள். "அந்த நோய் வெள்ளைக்காரப் பொண்ணுங்களுக்கு வர்றதாச்சே, நம்ம ஆளுங்களுக்கு ஏது?" என்று சாவு வீட்டிலேயே கேட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் இந்த ஏழு பேரில் ஒருத்திகூட மறுபடி வரமாட்டாள்.

வெர்னெட்டா கதவைத் திறந்தாள்.

"தலைவி எனக்குத் தெரியாம ஒரு பயிற்சியா?" லூவெனியா உள்ளே வந்து நின்றாள். "எங்க, செஞ்சு காட்டுங்க பாப்போம்."

ஷரொண்டா என்ற சின்னப் பெண் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி இரண்டு சுற்று சுற்றினாள்.

"இது என்னம்மா?"

"முன் வரிசையில ரெண்டு இடம் காலி, சிஸ்டர்."

"ஹெலிகாப்டர் எறங்குதாக்கும்னு நெனச்சேன். அடுத்து?"

பக்கத்தில் இருந்தவள் இரண்டு முழங்கைகளையும் கோழிச் சிறகு மாதிரி அடித்துக்கொண்டாள்.

"பாஸ்டர் பிரசங்கம் முடிய இன்னும் நேரமாகும்."

"அதுக்கு எதுக்குச் சைகை? அது சபைக்கே தெரியும். வெர்னெட்டா, நீதானே வாத்தியார்? நீ ஒண்ணு காட்டு."

வெர்னெட்டா கன்னத்தைப் பொத்திக்கொண்டு தலையைச் சாய்த்தாள். "கைக்குழந்தை அழுவுது. அம்மாவை வெளிய கூட்டிட்டுப் போங்க."

"பாவம், உனக்குப் பல்வலி போலன்னு பாத்தேன்."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஷரொண்டா மெதுவாகக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். உட்காரும்படி வெர்னெட்டா அவளுக்குக் கண்ணைக் காட்டினாள். இந்தப் பெண் இன்று போனால் போனவள்தான்.

"எல்லாரும் புதுசு சிஸ்டர். நீங்க அடுத்த மாசம் வந்தீங்கன்னா..."

"போன மாசமே சபை மூப்பர் என்கிட்ட கேட்டாரு, கீழ என்னதான் நடக்குதுன்னு. என் ஏற்பாடுதான், ஆம்பளைங்க அந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"நீங்களா?" வெர்னெட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு சிஸ்டர்?"

லூவெனியா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சேவகிகள் அணியும் வெள்ளைக் கையுறைகளை விரல் விரலாகக் கழற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் சாப்பிட உக்காந்ததும், தட்டைத் தொடாம சமையல்கட்டுப் பின்கதவு வழியா நீங்க ஒவ்வொருத்தியா நழுவறீங்களே," என்றாள் தணிந்த குரலில். "முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி அந்த வழியைக் கண்டுபிடிச்சவளே நான்தான்டி. தள்ளி உக்காருங்க, எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க."